டியூப்பின் எடைக்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிப்பவர்களிடையே இப்போது ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது: பிளாஸ்டிக் டியூப் வாங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அடிவாரத்து டீக்கடை முன்னால் நாலு பேர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றால், அதில் ஒருவர் பையிலிருந்து ஆரஞ்சு நிறத்திலோ நீல நிறத்திலோ மடித்து வைத்த சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டுகிறார். "இதுவா டியூப்?" என்று மற்றவர்கள் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. எடை முப்பது நாற்பது கிராம்தான். அடுத்து விலை கேட்கிறார்கள், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். இது என் வண்டிக்குப் பொருந்துமா என்ற கேள்வி மட்டும் அநேகமாக வருவதில்லை.

என் அண்ணன் மகளும் அப்படித்தான் வந்து நின்றாள். கல்லூரியில் படிக்கிறாள். அவளுடையது 700×35, அதாவது 35 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட ஹைப்ரிட் சைக்கிள். பிரேக், ரிம்மின் இரு பக்கமும் கட்டை பிடிக்கிற பழைய முறை. "சித்தப்பா, இதைப் போட்டால் ஏற்றம் சுலபமாகிவிடுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். எடையைப் பார்த்து இந்த டியூப்பை வாங்க வேண்டாம். பிரேக்கைப் பார்த்து வாங்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஏறுகிறோம் என்பதைவிட எப்படி இறங்குகிறோம் என்பதுதான் இதில் முக்கியம். சமவெளி நகரங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இதுதான் முதல் விஷயம்.

இந்த டியூப் செய்யப்படும் பொருளின் முழுப்பெயர் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன். கடையில் டி.பி.யு. என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கைப்பேசிக்குப் பின்னால் மாட்டுகிறோமே, வளைந்து கொடுக்கும் அந்த மென்மையான உறை, அதுவும் பெரும்பாலும் இதே பொருள்தான். நாம் இவ்வளவு காலம் பயன்படுத்திவரும் கறுப்பு டியூப், பியூட்டைல் ரப்பர். பியூட்டைலுக்கும் பாலியூரிதேன் குடும்பத்துக்கும் ஒரே வயது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பியூட்டைல் ரப்பரை உருவாக்கினார்கள். அதே 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் பாலியூரிதேன் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பியூட்டைல் விரைவிலேயே டியூப்புக்குள் குடியேறிவிட்டது. இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு மெதுவாகவே அதன் வழியே காற்று கசியும். அந்த ஒரு குணம் போதுமானதாக இருந்தது. பாலியூரிதேன் சைக்கிள் சக்கரத்துக்குள் பரவலாக வர எண்பது ஆண்டுகள் ஆயின. ஆஸ்திரியாவின் டூபோலிட்டோ நிறுவனம் இதை உலகம் முழுக்கப் பேச வைத்தது. 2020இல் ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம், பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன நிறுவனத்துடன் சேர்ந்து ஏரோதான் என்ற டியூப்பைக் கொண்டுவந்தது. பிறகு சீனத் தயாரிப்புகள் வந்து விலையை இறக்கின. அதனால்தான் இன்று அடிவாரத்து டீக்கடை வரைக்கும் இது வந்திருக்கிறது.

டி.பி.யு.வின் பலம் அதன் உறுதி. இழுத்தாலும் எளிதில் கிழியாது. ஆகவே சுவரை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. எடை குறைவதன் ரகசியம் அந்த மெல்லிய சுவர்தான். சாலை சைக்கிளுக்கான 25 மில்லிமீட்டர் அகல டயருக்குச் சாதாரண பியூட்டைல் டியூப் ஏறத்தாழ 100 முதல் 110 கிராம் இருக்கும். அதே அளவில் டி.பி.யு. டியூப் 25 முதல் 45 கிராம். டயர் அகலமாக அகலமாக இந்த வேறுபாடும் கூடும்.

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஏற்றம் சுலபமாகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். உயரம் சுமார் ஆயிரம் மீட்டர் கூடுகிறது. ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால் கால்கள் சராசரியாக 180 வாட் அளவுக்கு உழைக்கின்றன. அதில் பெரும்பகுதி, ஏறத்தாழ 150 வாட், புவியீர்ப்பை எதிர்த்து உடம்பையும் வண்டியையும் தூக்குவதற்கே போய்விடுகிறது. இரண்டு டியூப்பையும் மாற்றினால் 140 கிராம் குறையும். 83 கிலோவில் 140 கிராம் என்பது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் எட்டு அல்லது ஒன்பது விநாடி மிச்சமாகும். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வருகிறது என்று ஒதுங்கி நின்றால் அந்த ஒன்பது விநாடியும் போய்விடும்.

சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் எடை இருமடங்குக்குச் சமம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேகத்தைக் கூட்டும்போது மட்டும் பொருந்தும் உண்மை. ஓரத்தில் இருக்கும் ஒரு கிராமை முன்னோக்கியும் நகர்த்த வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால் அதை வேகப்படுத்த இரண்டு பங்கு ஆற்றல் தேவை. ஒரே சீராக மலை ஏறும்போது வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அங்கே டியூப்பில் இருக்கும் கிராமும் தொப்பையில் இருக்கும் கிராமும் ஒன்றே.

எடையைவிட முக்கியமான இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை: உருளும்போது ஏற்படும் தடை. சக்கரம் உருளும் ஒவ்வொரு கணமும் தரையைத் தொடும் இடத்தில் டயரும் டியூப்பும் நசுங்கி மீள்கின்றன. ரப்பர் நசுங்கி மீளும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. கொஞ்சம் வெப்பமாகப் போகிறது. மெல்லிய டியூப் குறைவாக விழுங்கும். நல்ல ரக டி.பி.யு. டியூப்கள் ஆய்வக உருளையில் மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரத்துக்கு ஒன்றிரண்டு வாட் மிச்சப்படுத்துகின்றன. மலையில் நாம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான் போகிறோம் என்பதால் அந்த லாபமும் பாதிக்குக் கீழே இறங்கும். அப்படியும் ஏற்காடு ஏற்றத்தில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை கிடைக்கலாம். எடையால் கிடைக்கும் ஒன்பது விநாடியைவிட இது அதிகம். ஆனால் எல்லா டி.பி.யு. டியூப்பும் இந்த லாபத்தைத் தருவதில்லை. சில தடித்த ரகங்கள் பியூட்டைலைவிட ஒன்றும் மேலாக இல்லை. உருளும் வேகமே வேண்டும் என்பவர்கள் முதலில் நல்ல டயர் வாங்குவதே புத்திசாலித்தனம். மட்டமான டயருக்கும் நல்ல டயருக்கும் உள்ள தூரத்தை எந்த டியூப்பும் இட்டு நிரப்பாது.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு போதும். நான் அதிகம் கவலைப்படுவது இறங்குவதைப் பற்றித்தான்.

ஆயிரம் மீட்டர் ஏறியபோது உடம்பிலும் வண்டியிலும் சேர்த்து வைத்த ஆற்றல் இறங்கும்போது எங்கேயாவது போயாக வேண்டும். 83 கிலோவுக்கு அது ஏறத்தாழ எட்டு லட்சம் ஜூல். இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல். திறந்த நெடுஞ்சாலையில் வேகமாக இறங்கினால் அதில் பெரும் பங்கைக் காற்றே வாங்கிக்கொள்ளும். ஏற்காடு சாலையில் அப்படி விட முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். நடுவே பஸ், சுற்றுலா வேன், குரங்குக்குப் பழம் போட நிறுத்திய கார், மார்கழியில் மூடுபனி, மழைக்காலத்தில் ஓரமெல்லாம் ஈரச் சருகு. மெதுவாகத்தான் இறங்க வேண்டும். மெதுவாக இறங்கினால் காற்றின் பங்கு சுருங்கிவிடும்; மிச்சம் எல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது.

அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் அது சக்கரத்தின் நடுவில் இருக்கும் உலோகத் தட்டுக்குப் போகிறது. தட்டு சூடேறி நிறம் மாறினாலும் டியூப் இருக்கும் இடத்துக்கு அந்தச் சூடு வந்து சேர்வதில்லை. ரிம் பிரேக்கில் பிரேக் கட்டை உரசும் உலோகமும் டியூப் உட்கார்ந்திருக்கும் உலோகமும் ஒன்றே. நடுவே இருப்பது ஸ்போக் துளைகளை மூட ரிம்முக்குள் சுற்றிய மெல்லிய பட்டை, அதாவது ரிம் டேப், மட்டும். பயந்தவரும் கனத்த உடம்புக்காரரும் வளைவுக்கு வளைவு பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம்மின் சூடு நூறு டிகிரியைத் தாண்டவும் கூடும். கீழே வந்து ரிம்மில் விரல் வைத்துப் பார்த்து உடனே எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

பியூட்டைல் டியூப் தொழிற்சாலையிலேயே கந்தகத்துடன் வேகவைக்கப்பட்டது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்துவிட்டதால் சூட்டில் உருகாது. டி.பி.யு.வின் இயல்பு அதற்கு நேர் எதிர். சூடேற்றினால் இளகும், ஆறினால் இறுகும். அந்தக் குணத்தால்தான் அதன் ஓரங்களைப் பசையில்லாமல் சூட்டாலேயே ஒட்ட முடிகிறது. எந்தச் சூட்டில் இளகும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அது இளகும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவதில்லை. ரிம் டேப்பில் எங்கே தளர்வு இருக்கிறதோ, ஸ்போக் துளை எங்கே மூடாமல் இருக்கிறதோ, வால்வு எங்கே டியூப்போடு சேர்கிறதோ, அங்கே பிதுங்கும். பிதுங்கிய இடம் மெலியும்; மெலிந்த இடம் விடும். இறக்கத்தில் பின் சக்கரத்தில் காற்று இறங்கினால் சமாளிக்கலாம். பள்ளத்தைப் பார்த்தபடி வளைவில் திரும்பும்போது முன் சக்கரத்தில் இறங்கினால் கைப்பிடி நம் பேச்சைக் கேட்காது. எட்டு விநாடி லாபத்துக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இது என் பயம் மட்டும் இல்லை. டூபோலிட்டோ நிறுவனம் தன் மிக லேசான எஸ்-டூபோ வகையை டிஸ்க் பிரேக் வண்டிகளுக்கு மட்டும் என்றே விற்கிறது. ரிம் பிரேக்குக்கும் ஏற்றது என்று அச்சிட்டுத் தரும் தயாரிப்புகளும் உண்டு. அப்படி அச்சிட்டிருந்தால் அதை நம்பலாம். பெட்டியில் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத மலிவு டியூப்பை ரிம் பிரேக் வண்டியில் போட்டுக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்காதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். குப்பனூர் வழியாக இறங்குகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

எந்த டியூப்பாக இருந்தாலும் இறங்கும் முறை ஒன்று உண்டு. பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் இறங்கக் கூடாது. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முடிந்ததும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று ரிம்மைக் குளிர்விக்கும். பாதி வழியில் நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சேலத்து விளக்குகள் கீழே தெரியும் இடத்தில் எப்படியும் எல்லோரும் நிற்கத்தான் செய்கிறோம்.

அடுத்தது வால்வு. இது நம் ஊருக்கே உரிய சிக்கல். பால்காரர் ஓட்டும் 28×1½ கறுப்புச் சைக்கிளில், சின்ன ரப்பர்க் குழாய் மாட்டிய பழைய வால்வு இருக்கும். வால் டியூப் போய்விட்டது என்று சொல்லி நாலணாவுக்கு வாங்கி மாட்டியது என் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும். ஹைப்ரிட், மலைச் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு. அதனால் எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் காற்றடித்துக்கொள்ளலாம். டி.பி.யு. டியூப்கள் பெரும்பாலும் பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வோடு வருகின்றன. பங்க்கில் இருக்கும் குழாய் அதில் பொருந்தாது. திருகு போட்ட ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். அதைச் சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்திருப்பவர்கள் தொலைப்பதில்லை. தடித்த வால்வுக்காக ரிம்மில் போட்ட துளை எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாது. ஒல்லி வால்வுக்கு ஆறரை போதும். பெரிய துளையில் ஒல்லி வால்வைச் செருகினால் அது ஆடும். ஆடினால் டியூப்போடு சேரும் இடத்தில் கிழியும். நடுவே போட ஒரு வளையம் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். பல டி.பி.யு. டியூப்களின் வால்வுத் தண்டே பிளாஸ்டிக். ரிம் துளையின் விளிம்பு கூராக இருந்தால் அதை நாளடைவில் அறுத்துவிடும். நெருக்கமான உப்புத்தாளால் அந்த விளிம்பை ஒருமுறை தேய்த்து மழுங்கவைத்துவிடுவது நல்லது. உலோகத் தண்டு போட்ட டியூப்கள் சில கிராம் கூடுதலாக இருக்கும். நான் அவற்றைத்தான் விரும்புவேன்.

பஞ்சர் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்துச் சாலைகளில் டியூப்பை ஓட்டையாக்குபவை மூன்று. கன்னங்குறிச்சி, ஜருகுமலைப் பக்கம் மண்பாதையில் இறங்கினால் நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளும். பெங்களூர், கோவை நெடுஞ்சாலைகளில் வெடித்த லாரி டயர்த் துண்டுகளிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற இரும்புக் கம்பி. மூன்றாவது, காற்றுக் குறைவான டயரோடு குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் பாம்பு கொத்தியதுபோல் விழும் இரட்டை ஓட்டை. கூரிய பொருள் துளைக்க டி.பி.யு. சற்றுக் கூடுதல் விசை கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் நீளமான கருவேல முள் டயரைத் தாண்டி வந்துவிட்டால் எந்த டியூப்பாலும் அதைத் தடுக்க முடியாது. முள்ளைத் தடுப்பது டயரின் வேலை.

ஓட்டை விழுந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பெரிய வேறுபாடு. செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டு வைத்துச் சுத்தியால் தட்டி, பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அவரிடம் டி.பி.யு. டியூப்பைக் கொடுத்து, "அண்ணா, இதை ஒட்ட முடியுமா?" என்றேன். கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "இது ரப்பரே இல்லை கண்ணு. சொல்யூஷன் இதைப் பிடிக்காது. ஒட்டினால் நிற்கும், காற்றடித்ததும் உரிந்து வரும்" என்றார்.

அவர் சொன்னது வேதியியல்படியும் சரி. பஞ்சர் சொல்யூஷனும் அதன்மேல் வைக்கும் ஒட்டுத் துண்டும் ரப்பருக்காகவே செய்தவை. சொல்யூஷன் வெறும் பசை இல்லை. ஒட்டில் இருக்கும் வேதிப்பொருளோடு சேர்ந்து, ரப்பரும் ரப்பரும் அறை வெப்பத்திலேயே பிணைந்துகொள்ள அது உதவுகிறது. டி.பி.யு.வில் அப்படிப் பிணைய ஒன்றும் இல்லை. அதற்கென்று தனி ஒட்டு வேண்டும். டியூப்போடு இரண்டு மூன்று தருகிறார்கள், தராவிட்டால் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். உப்புத்தாளால் பரபரவென்று தேய்க்கக் கூடாது. அவ்வளவு மெல்லிய சுவரில் அது இன்னொரு ஓட்டை போட்டுவிடும். ஆல்கஹால் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அதை வெளியே ஊதிப் பார்க்கக் கூடாது. டயருக்கு வெளியே டியூப் வரம்பில்லாமல் விரியும். விரிந்தால் ஒட்டு உரியும். டயருக்குள் வைத்த பிறகுதான் முழுக் காற்று. மழையில், வளைவு ஓரத்தில், நடுங்கும் விரல்களோடு இதையெல்லாம் செய்ய முடியாது. சாலையில் டியூப்பை மாற்றிவிட்டு, ஒட்டுவதை வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது ஒரு காரியத்தை மறக்க வேண்டாம். டயருக்குள் முள் இன்னும் இருக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்பக்கம் சுற்றிலும் தேய்த்துக்கொண்டு போனால் மயிரிழைக் கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். லாரி டயர்க் கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாது, பஞ்சு காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். ரப்பர் நீண்டால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். டி.பி.யு. முழுதாகத் திரும்பாது. 35 மில்லிமீட்டர் டயருக்குள் சில வாரம் இருந்த டியூப்பைக் கழற்றிப் பார்த்தால் அது பெருத்தே இருக்கும். அதை எடுத்து 25 மில்லிமீட்டர் டயரில் திணித்தால் மடிப்பு விழும், மடிப்பில் தேயும். ஆகையால் அளவைச் சரியாகப் பார்த்து வாங்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் 35-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். டியூப் பெட்டியில் போட்டிருக்கும் அகல வரம்புக்குள் முதல் எண் வர வேண்டும். இரண்டாவது எண் அப்படியே ஒத்துப்போக வேண்டும். 28×1½ கறுப்புச் சைக்கிளின் ரிம் 635. அந்த அளவுக்கு டி.பி.யு. டியூப் தேடி அலைய வேண்டாம். அந்த வண்டிக்கு அது தேவையும் இல்லை.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டியூப்பைப் போல மூன்று நான்கு மடங்கில் தொடங்குகிறது. ஐரோப்பியத் தயாரிப்புகள் அதற்கும் பல மடங்கு மேலே. நடுத்தர விலையில் உலோக வால்வோடு கிடைப்பதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

பியூட்டைலின் மேல் எனக்கு மரியாதை குறையவே இல்லை. தினமும் அம்மாபேட்டையிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு அதைவிட நல்லது வேறு இல்லை. காற்று வாரக்கணக்கில் நிற்கும், எந்தத் தெருமுனையிலும் ஒட்டிக்கொள்ளலாம், பல ஒட்டு வாங்கிய பிறகும் உழைக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. கீற்றாக அறுத்துக் கேரியரில் மூட்டை கட்டலாம், மாங்கன்றுக்குக் கொம்பு நட்டுக் கட்டலாம், பிள்ளைகளின் உண்டிவில்லுக்கும் கொடுக்கலாம். டி.பி.யு.வை உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். உண்மைதான், அந்தப் பொருளின் இயல்பு அது. ஆனால் பழைய கறுப்பு டியூப்பை எடுத்துக்கொள்ளச் சேலத்தில் பழைய இரும்புக் கடை இருக்கிறது. நிறம் போன டி.பி.யு. டியூப் குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது. இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அப்படியானால் இந்தப் புது டியூப்பின் இடம் எது? டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சக்கரத்துக்குள் போட்டுக்கொள்ளட்டும். ரிம் டேப் இறுக்கமாகவும் மடிப்பில்லாமலும் இருக்க வேண்டும், ஸ்போக் துளை ஒன்றுகூடத் தெரியக் கூடாது. அது சரியாக இருந்தால் மலையும் பயமில்லை. ரிம் பிரேக் வண்டிக்காரர்கள் சக்கரத்துக்குள் பியூட்டைலை வைத்துக்கொண்டு, உதிரியாக டி.பி.யு.வைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். இதுதான் இந்த டியூப்பின் உண்மையான பெருமை என்று நினைக்கிறேன். அகலமான பியூட்டைல் டியூப் ஒன்று சீட்டுக்கு அடியில் மாட்டும் பையை அடைத்துக்கொள்ளும் இடத்தில் டி.பி.யு. டியூப் இரண்டையும் ஒட்டையும் அடாப்டரையும் வைத்துக்கொண்டு, பணம் வைக்கவும் இடம் மிஞ்சும். மலைப்பாதையின் வளைவுகளுக்கு நடுவே பஞ்சர் கடையை எதிர்பார்க்க முடியாது. ஒரே நாளில் இரண்டு பஞ்சர் ஆனாலும் வீட்டுக்குத் தொலைபேசி அடிக்காமல் திரும்பி வரலாம் என்ற தைரியம், கிராம் கணக்கில் வராத லாபம். ரிம் பிரேக் வண்டியில் அந்த உதிரியைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டிய நிலை வந்தால், பின் சக்கரத்துக்கு அதை வைத்துக்கொண்டு, முன் சக்கரத்துக்குப் பியூட்டைல் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அடிக்கடி நின்று ரிம்மைக் குளிரவிட்டு இறங்குங்கள்.

உதிரியைப் பையில் வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஸ்பானரோடும் டயர் லீவரோடும் சேர்த்துப் போட்டால் வண்டியின் அதிர்வில் உரசி உரசி, பயன்படுத்துவதற்கு முன்பே ஓட்டையாகிவிடும். வந்த உறையிலேயே வைத்து, மேலே ஒரு பழைய காலுறையைப் போட்டுவிட வேண்டும். வால்வின் முனை டியூப்பைக் குத்தாமல் மூடியோடு மடிக்க வேண்டும். உதிரிதான் என்றாலும் வாங்கிய அன்றே ஒருமுறை லேசாக, வடிவம் தெரியும் அளவுக்கு மட்டும் ஊதி, இரவு முழுக்க வைத்துப் பார்ப்பது அவசியம். வால்வு சேரும் இடத்தில் கசியும் டியூப்கள் புதிதாகவே வருவதுண்டு. அதை மாற்றிக்கொள்வது கடையில் முடியும், பதினான்காவது வளைவில் முடியாது.

அண்ணன் மகள் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 35 மில்லிமீட்டருக்கு ஏற்ற உலோக வால்வு டியூப் ஒன்றும், ஒட்டுகளும், பித்தளை அடாப்டரும், துளைக்கான வளையமும் வாங்கினாள். டியூப் பைக்குள் போயிருக்கிறது. சக்கரத்தில் பழைய கறுப்பு டியூப்தான். வேலைக்குப் போனதும் டிஸ்க் பிரேக் வண்டி வாங்கப் போகிறாளாம். அப்போது அதே டியூப்பைச் சக்கரத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். டயர் அகலம் 35க்குக் குறையாமலும் டியூப் பெட்டியில் போட்ட வரம்பைத் தாண்டாமலும் இருந்து, ரிம்மின் அளவும் ஒத்துப்போனால் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.